சரிந்த கார் சீட்: ஃபோம் வாங்குமுன் அடியில் பாருங்கள்

கேள்வி: காருக்கு 15 வயது. ஓட்டுநர் சீட் கதவுப் பக்கமாகச் சரிந்துவிட்டது. அரை மணி நேரம் ஓட்டினாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. புது சீட் கவர், ஜெல் குஷன் இரண்டும் போட்டுப் பார்த்தாயிற்று, பலன் இல்லை. முழு சீட்டையும் மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. பள்ளத்தின் மேல் எதைப் போட்டாலும் அதுவும் பள்ளத்துக்குள்தான் போய் உட்காரும்.

சீட்டை முன்னால் தள்ளிவிட்டு, பின்பக்கமிருந்து அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்பு போல் நெளிந்த ஸ்பிரிங் கம்பிகளோ, ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பி வலையோ தெரியும். மேலே ஒருவரை உட்கார்ந்து அசையச் சொல்லுங்கள். ஒரு பக்கக் கம்பி மட்டும் கூடுதலாகத் தொங்கினால், அதன் கொக்கி சட்டத்திலிருந்து கழன்றிருக்கும், இல்லாவிட்டால் வளைவில் ஒடிந்திருக்கும். ஒருக்களித்துச் சரியும் சீட்டில் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும். இதைக் கவனிக்காமல் புது ஃபோம் வைத்தால் ஒடிந்த முனை அதையும் அறுத்துவிடும். ஒடிந்த கம்பிக்கு வெல்டிங் வேண்டாம். சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங் எஃகின் தன்மை மாறி, ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒடியும். அதே தடிமனில் புதுக் கம்பி போடுவதுதான் சரி.

கம்பிகள் நன்றாக இருந்து, சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஃபோம் துகள் கொட்டிக் கிடந்தால் ஃபோம் நைந்துவிட்டது. கதவுப் பக்க விளிம்பு மேடுதான் முதலில் போகும். ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பின் எடை அந்த நாலு விரல் அகலத்தில் அழுத்தி உரசுகிறது அல்லவா? நடுப்பகுதி அமுக்கினால் திரும்பி எழும்புகிறது என்றால் விளிம்புக்கு மட்டும் ஒட்டுப் போட்டால் போதும்.

சீட்டைக் கழற்றுமுன் ஒரு எச்சரிக்கை. முதுகுச் சாய்வின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கார் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே அடியிலுள்ள மஞ்சள் கனெக்டரைத் தொட வேண்டும். திரும்ப மாட்டும்வரை சாவியைத் திருப்பாதீர்கள். திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரியும். பல கார்களில் ஸ்கேனர் வைத்தால்தான் அது அணையும்.

கவரை உரித்ததும், நைந்த ஃபோமை நல்ல பகுதி வரும்வரை நீளமான பிளேடால் வெட்டி எடுங்கள். எதிர்ப்பக்க மேட்டின் வடிவத்தை அட்டையில் வெட்டித் திருப்பி வைத்தால் அளவு கிடைத்துவிடும். ஒட்டுத் துண்டு குழியைவிட எல்லாப் பக்கமும் சுமார் 5 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். ஃபோமுக்கான ஸ்பிரே பசையை இரண்டு முகத்திலும் மெல்லிதாக அடித்து, விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் பதம் வந்ததும் சேர்த்து அழுத்துங்கள். அதிகமாக அடித்தால் காய்ந்தபின் கட்டியாகித் தொடையில் உறுத்தும். ஃபோமுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கெட்டியான ஃபெல்ட் அல்லது சணல் துணி கட்டாயம். பழைய துணி நைந்து கம்பி நேராக ஃபோமில் உரசியதுதான் பல சீட்டுகள் கெட்டதற்கே காரணம்.

கேள்வி: கடையில் எல்லா ஃபோமையும் “ஹை டென்சிட்டி” என்கிறார்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் தெரியுமா?

பதில்: தெரியாது. அமுக்கிப் பார்த்தால் கடினமா மெத்தென்றா என்பது மட்டும்தான் புரியும். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். கடினமான ஃபோமிலும் அது குறைவாக இருக்கலாம், அப்படிப்பட்டது சீக்கிரம் பள்ளமாகும். தராசில் வையுங்கள். 50 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 10 செ.மீ. தடிமன் உள்ள துண்டு 40 டென்சிட்டி என்றால் 1 கிலோ இருக்க வேண்டும். 700 கிராம் காட்டினால் அது 28 டென்சிட்டிதான். கார் சீட்டுக்கு 40-க்குக் கீழே வாங்காதீர்கள். எடை கூட்டச் சுண்ணாம்புத் தூள் கலந்த ஃபோமும் உண்டு. ஓரத்தைக் கிள்ளினால் சட்டென்று பிய்ந்து வரும். ஃபோம் துணுக்குகளை அழுத்திச் செய்த ரீபாண்டட் ஃபோம் கனமாகவும் கடினமாகவும் இருக்கும். விளிம்பு மேட்டின் உள்ளே வைக்க நல்லது, உட்காரும் நடுப்பகுதிக்கு வேண்டாம்.

கேள்வி: ஃபோம் சரியாகிவிட்டது. கவரைத் திரும்ப மாட்டினால் சுருக்கம் விழுகிறது. தைப்பவரிடம் கொடுக்க வேண்டுமா?

பதில்: தையலில் கோளாறு இருக்காது. கவரின் உள்தையலில் ஓடும் கம்பியை, ஃபோமுக்குள் புதைந்திருக்கும் கம்பியோடு ஹாக் ரிங்குகள் (நெருக்கி மூடும் சின்னக் கம்பி வளையங்கள்) இழுத்துப் பிடிக்கும். அவற்றில் இரண்டு மூன்று விட்டுப்போனாலே சுருங்கும். நடுவில் தொடங்கி விளிம்பு நோக்கி மாட்டுங்கள். ஃபோமின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பை விரித்தால் கவர் வழுக்கிக்கொண்டு ஏறும். ஏறியதும் பையை உருவிவிடலாம். மிச்சச் சுருக்கம் துணியானால் நீராவியில் போகும், ரெக்சினானால் ஹேர் டிரையர் சூட்டில் இழுத்தால் போகும். ஹாக் ரிங் கிடைக்காவிட்டால் சின்ன கேபிள் டை போதும். நறுக்கிய முனையைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் உட்காரும்போது குத்தும்.