அம்மாவுக்கு 52 வயது, எம்ஆர்ஐயில் மெனிஸ்கஸ் (முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு) கிழிசல்: அறுவை சிகிச்சை வேண்டுமா?
அடிபடாமல், தேய்மானத்தால் வந்த கிழிசல் என்றால் அவசரப்படாதீர்கள். 2013-இல் வெளியான பின்லாந்து ஆய்வில் 146 பேர். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிழிந்த ஜவ்வை வெட்டி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெட்டுவதுபோல் பாவனை மட்டும். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை!

நார்வேயில் 140 பேரிடம் 12 வார உடற்பயிற்சியை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். ஈராண்டு முடிவில் இரண்டும் சமம். வாரம் 2, 3 முறை, சுமையைப் படிப்படியாகக் கூட்டிச் செய்த பயிற்சி அது. இரண்டே வாரத்தில் விட்டுவிட்டால் தொடைத் தசை வலுப்பெறாது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) இயன்மருத்துவருக்கு (பிசியோதெரபிஸ்ட்) பரிந்துரை கேளுங்கள்.

ஆனால் முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால் இந்த முடிவுகள் பொருந்தாது. கிழிந்த துண்டு மூட்டுக்குள் சிக்கியிருக்கலாம். உடனே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.