விரிப்பு, துவாலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகளின் சீர்வரிசைக்கு மெத்தை விரிப்பு பார்க்கிறோம். ஒரே கடையில் 300 த்ரெட் கவுண்ட் விரிப்பும், அதைவிட இரு மடங்கு விலையில் 1000 த்ரெட் கவுண்ட் விரிப்பும் இருக்கின்றன. எது நீண்ட நாள் உழைக்கும்? (திருவாரூர் வாசகி)

பதில்: அம்மா, 300 இருக்கும் விரிப்பையே முதலில் பாருங்கள். ஒரு சதுர அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களையும் குறுக்கே ஓடும் ஊடை நூல்களையும் கூட்டி வருவதுதான் அந்த எண். ஒற்றை நூலில் நெய்யும்போது 500ஐத் தாண்டுவது மிகக் கடினம் என்பதால், 1000 என்று அச்சிட்ட விரிப்புகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூலால் நெய்து, ஒவ்வோர் இழையையும் தனித்தனியாக எண்ணிக் கணக்குக் காட்டியவையாகவே இருக்கும். அவை கனமாக இருக்கும். நம் பகுதியின் சித்திரைப் புழுக்கத்தில் காற்றை விடாமல் உடம்போடு ஒட்டும்.

விரிப்பின் ஆயுளைத் தீர்மானிப்பது பஞ்சின் இழை நீளம். சுஜாதா, செயின்ட் வின்சென்ட் ஆகிய ரகங்களைக் கலந்து நம் நாட்டிலேயே உருவாக்கிய சுவின் போன்ற மிக நீண்ட இழைப் பருத்தியில் நூற்ற நூல், மெல்லியதாக இருந்தும் அறுந்து போகாது. குட்டை இழைகளைச் சீவி நீக்கிய 'கோம்டு' நூலா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நூல் சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் ஓடுகிறதா என்று பாருங்கள். நகத்தால் சுரண்டும்போது வெள்ளைப் பொடி உதிர்ந்தால், நீங்கள் உணரும் திடம் கஞ்சியினுடையது. இரண்டு சலவையில் அது போய்விடும்.

நெசவையும் கவனிக்க வேண்டும். ஒன்று மேல், ஒன்று கீழ் என நெய்த பெர்கேல் விரிப்பு மொரமொரப்பாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும். சாட்டீன் பளபளக்கும், ஆனால் அதில் நூல்கள் மேற்பரப்பில் நீளமாக மிதப்பதால் கொலுசிலும் வளையலிலும் எளிதில் சிக்கி இழுபடும். டெல்டா வீடுகளுக்கு நான் பெர்கேலையே சொல்வேன்.

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். எந்த எடையில் துவாலை வாங்கலாம்?

பதில்: ஒரு சதுர மீட்டருக்கு 400 முதல் 450 கிராம் போதும், ஐயா. 600 கிராம் துவாலை கைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் கார்த்திகை ஈரத்தில் ஒரு நாளில் உலராது. அட்டையில் உள்ள எண்ணை நம்பாமல் தராசில் வையுங்கள்: 75க்கு 150 சென்டிமீட்டர் துவாலையின் பரப்பு 1.125 சதுர மீட்டர். அது 450 கிராம் நின்றால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கான கிராம் எடை, 400. பிறகு ஓரங்களைப் பாருங்கள். துவாலை பெரும்பாலும் கரையில்தான் முதலில் கிழிகிறது. மடித்து இரட்டைத் தையல் போட்டு, மூலைகளில் திரும்பத் தைத்திருக்க வேண்டும்.

கேள்வி: விலை கொடுத்து வாங்கிய வெள்ளைத் தேங்காய்ப்பூத் துவாலைகள் ப்ளீச் போடப் போட மஞ்சளாகின்றன. தரம் குறைந்தவையா? (நாகப்பட்டினம்)

பதில்: துவாலையைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு, குளோரின் ப்ளீச்சோடு சேரும்போது துருவாக மாறி நூலிலேயே படிகிறது. கறை போகவில்லையே என்று மேலும் ப்ளீச் ஊற்றினால் மஞ்சள் கூடும், நூலும் நைந்துபோகும். வாளியில் பிடித்த தண்ணீர் சில மணி நேரத்தில் பழுப்பாக மாறினால் காரணம் இதுவே. ப்ளீச்சை நிறுத்திவிட்டு, சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து அலசுங்கள். இந்த இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிடக் கூடாது, நச்சுவாயு கிளம்பும். உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் கடைசி அலசலுக்கு மட்டுமாவது மழைநீரோ குடிநீரோ பயன்படுத்தினால் துவாலை விறைக்காது.

கேள்வி: புதுத் துவாலை தண்ணீரை உறிஞ்சவில்லையே? (மயிலாடுதுறை)

பதில்: கடையில் மென்மையாகத் தெரிவதற்காக ஏற்றிய மேற்பூச்சு அது. வெந்நீரில் இரண்டு மூன்று முறை துவையுங்கள், துணி மென்மையாக்கும் திரவத்தைத் தொடவே வேண்டாம். அதற்குப் பிறகும் உறிஞ்சாவிட்டால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனையுடன் மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டி உருண்டையானால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.