கூடை படத்துக்கு, பை வேலைக்கு

அன்புள்ள சேர்,

மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இரண்டு வருடமாகக் கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன். அம்மா இன்னும் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறார்.

போன மாதம் வெளிநாட்டுக்குப் போகும் தேயிலைப் பெட்டி ஒன்றுக்குப் படம் செய்யும் வேலை என்னிடம் வந்தது. உண்மையான தோட்டத்தில், உண்மையாக வேலை செய்யும் ஓர் அக்காவை எடுத்த படம். "கொஞ்சம் பார்க்கும்படி ஆக்கு" என்றார்கள். முதலில் நிறத்தை வெளுப்பாக்கினேன். பிறகு இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை எடுத்தேன். சேலைக்கு மேல் போட்டிருந்த பழைய ஆம்பிளைச் சட்டையை அழித்தேன். இடுப்பை மெலித்தேன். கொழுந்து போடும் நைலோன் பைக்குப் பதில் பிரம்புக் கூடை வைத்தேன். கை கறுத்து வெடித்திருந்ததால், நகப்பூச்சுப் படம் ஒன்றிலிருந்து கையை வெட்டி ஒட்டினேன். கடைசியில் முகத்தையும் மாற்றிவிட்டோம்.

படத்தில் ஆபாசம் ஒன்றுமே இல்லை. சேலை ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனாலும் அம்மாவிடம் காட்ட மனம் வரவில்லை. ஒபிஸில் சொன்னபோது, "அழகாகக் காட்டுவது குற்றமா? அட்டை கடிப்பதையா காட்டச் சொல்கிறாய்?" என்று சிரித்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை. நான்தான் பெரிதுபடுத்துகிறேனா சேர்? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. சோம்பல் இல்லை. உங்கள் கடிதம் என்னுடைய ஒரு பழைய கணக்கைக் கிளறிவிட்டது. அதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுத முடியாது.

தொண்ணூறுகளில், வாத்தியார் சம்பளம் மாதம் இருபதாம் திகதியோடு முடிந்துவிடும் காலம், ஒரு தேயிலைக் கொம்பனிக்காரர் வந்து தமிழில் ஒரு வாசகம் கேட்டார். 'தளிர் விரல்கள் தீண்டிய தளிர்' என்று எழுதிக் கொடுத்தேன். நாலே சொல்லில் எதுகை, மோனை எல்லாம் விழுந்ததில் எனக்கே பெருமை. அரை மாதச் சம்பளம் அந்த ஒரு வரிக்குக் கிடைத்தது. டின்னில் அச்சாகி வந்ததும் ஒன்றைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "தீண்டினா கொழுந்து வருமாடா? ஒடிக்கணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. டின்னில் சீனி போட்டு வைத்துக்கொண்டார்.

அம்மாவின் வலது கையில், பெருவிரலும் சுட்டுவிரலும் சேரும் இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு கறை இருக்கும். தேயிலைச் சாயம் வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் எலுமிச்சங்காய்க்கும் அசையாது. மழைக்காலத்தில் வெடிப்பு பிளந்துவிடும், துணிக் கீலம் சுற்றிக்கொண்டு போவார். கல்யாண வீட்டுக்குப் போனால் அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வார். அப்படி ஒளித்து வைத்த கையைத்தான் நான் தளிர் விரல் என்று விற்றேன். நீங்கள் வெட்டி ஒட்டினீர்கள், நான் எதுகை போட்டு ஒட்டினேன். பெரிய வித்தியாசமில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆபாசம் இல்லையே, பிறகு ஏன் உறுத்துகிறது?

பெண்ணை இழிவாகக் காட்டும் விளம்பரம் என்றாலே நம்மவர்கள் துணி எவ்வளவு குறைந்திருக்கிறது என்றுதான் அளக்கிறார்கள். டயர்மேல் சாய்ந்து நிற்கும் பெண்ணை யாரும் கண்டுபிடித்துவிடலாம், அவளுக்கும் டயருக்கும் சம்பந்தமில்லை. தேயிலைப் பெட்டிப் பெண் அப்படியல்ல. அவளுக்கும் தேயிலைக்கும் சம்பந்தம் இருக்கிறது, அந்தச் சம்பந்தத்தைத்தான் படம் அழிக்கிறது. நீங்கள் அழித்தவற்றைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். படங்கு, சட்டை, பை, கறை. உடம்பில் வேலையின் அடையாளமாக இருந்த ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள். மிச்சம் இருந்தது ஒரு பெண்ணும் கொஞ்சம் பச்சையும்.

எர்விங் கோஃப்மன் என்று ஒரு சமூகவியலாளர். நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்து, 1979இல் நூலாக வெளியிட்டார். அவர் கவனித்த விஷயங்களில் ஒன்று கை. ஆணின் கை பொருளை இறுகப் பிடிக்கும், திருகும், தூக்கும். பெண்ணின் கை பொருளின் விளிம்பை வருடும், தொட்டும் தொடாமலும் நிற்கும். அவர் பார்த்தது அமெரிக்கச் சஞ்சிகைகளை. நம் தேயிலைப் பெட்டியை எடுத்துப் பாருங்கள், அதே கைதான். ஒரே ஒரு கொழுந்தை இரண்டு விரல் நுனியில், மோதிரம் பார்ப்பதுபோலப் பிடித்திருப்பாள். அப்படி எடுத்தால் பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வரும்போது கூடையின் அடிகூட மறையாது.

உண்மையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்காக. இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடும். கண் அதற்குள் அடுத்த செடிக்குப் போயிருக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் வர வேண்டும், முற்றல் வரக்கூடாது. வளர்ச்சி நின்றுபோன கொழுந்தை ஒடித்து வீச வேண்டும். செடிமேல் அளவுக்குக் கிடத்தும் மட்டக்கம்பின் மட்டத்துக்கு மேலே எடுக்க வேண்டும், கீழே இறங்கினால் செடி கெடும். உள்ளங்கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் எறிய வேண்டும். இவ்வளவும் ஏணிபோல நிற்கிற மலையில், நிரை தவறாமல். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், என்னதான் வித்தை காட்டினாலும் முற்றல் இலை நல்ல தூளாகாது. தரம் பார்க்கிற முதல் ஆள் அந்தப் பெண்தான். ஆனால் விளம்பரத்தில் நிபுணர் என்று வருவது யார்? வெள்ளை ஏப்ரன் கட்டிய ஓர் ஆண், கரண்டியால் உறிஞ்சி, முகத்தைச் சுருக்கித் தீர்ப்புச் சொல்வார். அவர் முகத்தை அழகாக்கச் சொல்லி உங்களிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா?

பிரித்தானியாவில் 2019 ஜூனில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது, ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்ற தீங்கான வார்ப்புகளை விளம்பரத்தில் காட்டக்கூடாது என்று. அதன்கீழ் முதலில் நிறுத்தப்பட்ட இரண்டில் ஒன்று கார் விளம்பரம். ஆண்கள் விண்வெளியில் மிதக்கிறார்கள், பெண்ணொருத்தி தள்ளுவண்டியில் குழந்தையோடு பூங்காவில் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். ஆபாசம் மருந்துக்கும் இல்லை. யார் செய்கிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வியாக இருந்தது. (மற்றது பாற்கட்டி விளம்பரம். குழந்தையைக் கவனிக்கத் தெரியாத முட்டாள்களாக அப்பாக்களைக் காட்டியதற்காக. ஆண்களுக்கும் நியாயம் கிடைத்திருக்கிறது!)

இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு என்பது அவருடைய வியாபார வாசகம். அக்காலத்து விளம்பரங்களில் கூடையோடு தமிழ்ப் பெண்கள் வருகிறார்கள். படத்தில் அவள் இருக்கிறாள், வாசகத்தில் இல்லை. 'நேரே' என்றால் நடுவில் யாருமில்லை என்றுதானே அர்த்தம்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குச் சம்பளம்தான் காரணம். விரல் மென்மை, பெண்ணுக்குப் பொறுமை இயல்பு என்று சொல்லச் சொல்ல, கொழுந்து எடுப்பது பழகி வரும் கைத்தொழில் இல்லை, பிறவியோடு வந்த குணம் என்று ஆகிவிடுகிறது. குணத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள்? தோட்டத்தில் பெண்ணின் நாட்சம்பளம் 1984 வரை ஆணின் சம்பளத்தைவிடக் குறைவாகவே இருந்தது. கவ்வாத்து வெட்ட, அதாவது செடியின் கிளை நறுக்க, போன ஆண்கள் பகலோடு வீடு திரும்ப, கொழுந்துக்குப் போனவர்கள் பொழுது சாயும்வரை மலையில் நின்ற தோட்டங்கள் பல. அந்தக் காலம் முழுக்கப் பெட்டியில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அண்மைக் காலக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு முழுப்பேருக்கு, அதாவது முழு நாட்சம்பளத்துக்கு, பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ கேட்கிறார்கள். 18 என்றே வைப்போம். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ 4.5 கிலோ பச்சைக் கொழுந்து. ஆக, ஒருத்தியின் ஒரு நாள் 4 கிலோ தூள். 2 கிராம் பைகளாகக் கட்டினால் 2000 கோப்பை. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் கோப்பைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. நிறுக்கும்போது தண்ணிக்கு, சாக்குக்கு என்று கழிப்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதை உங்கள் அம்மா என்னைவிடக் காரமாகச் சொல்வார்.

உங்கள் ஒபிஸ்காரரின் அட்டைக் கேள்விக்கு: இல்லை, அட்டையைக் காட்ட வேண்டாம். சேறு, கிழிந்த சட்டை, கண்ணீர் என்று எடுக்கிற இன்னொரு வகைப் படம் இருக்கிறது, நன்கொடை கேட்கும் கலண்டர்களில் வரும். அதிலும் அவள் வேலை செய்வதில்லை, கஷ்டப்படுவதோடு சரி. எனக்கு அதுவும் பிடிக்காது. அழகு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. நிரையில் பத்துப் பேர் கை ஓடுவதைத் தூரத்தில் நின்று பார்த்தால் அதைவிட அழகு மலைநாட்டில் கொஞ்சம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் நுவரெலியா வீதியோரம் இரண்டு பெண்கள் பளிச்சென்ற சேலையில், கூடை மாட்டிக்கொண்டு உல்லாசப் பயணிகளுக்குப் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடை புதுசு, உள்ளே ஒரு கைப்பிடி கொழுந்து. பக்கத்தில் செடிக்கடியில் நைலோன் பை சுருட்டி வைத்திருந்தது. கேட்டேன். "கூடை படத்துக்கு, பை வேலைக்கு" என்றார் ஒருவர். எனக்கு அவர்மேல் ஒரு குறையும் இல்லை. கிடைத்த காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அந்தப் படத்துக்குக் காசு கேட்கிறார் பாருங்கள். உங்கள் படத்து அக்காவுக்கு யாராவது கொடுத்தார்களா? அவர் முகத்தை எடுத்துவிட்டதால் இனிக் கேட்கவும் முடியாது.

வேலையை விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அரை மாதச் சம்பளத்துக்கு விழுந்தவன் வேறென்ன சொல்வது. ஆனால் அடுத்த முறை இந்த வேலை வந்தால், கையை மட்டும் மாற்றாமல் விட்டுப் பாருங்கள். முழுப் படத்துக்கும் சண்டை பிடிக்க முடியாது, ஒரு கைக்குப் பிடிக்கலாம். வாங்குபவன் ஓடிப்போய்விடுவான் என்பார்கள். ஓடட்டும், பார்ப்போம்.

அப்புறம், படத்தை அம்மாவிடம் காட்டுங்கள். அவர் அழமாட்டார், கோபிக்கவும் மாட்டார் என்று நினைக்கிறேன். முதலில் கூடைக் கயிற்றைப் பார்ப்பார், நெற்றியில் இப்படி மாட்டினால் இழுக்குமே என்பார். செடி எத்தனை நாள் கொழுந்து, கால் இப்படி வைத்தால் வழுக்காதா என்றெல்லாம் கேட்பார். பிறகு கையைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்பார். என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.