தயாரிப்பாளர் என்றால் முதலாளியா?

கேள்வி: என் மகள் வானொலி, தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சித் தயாரிப்பாளராக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எழுதுபவர் எழுதுகிறார், நடிப்பவர் சிரிக்க வைக்கிறார். நடுவில் தயாரிப்பாளருக்கு என்ன வேலை? பேர்கூட வெளியே தெரியாத பிழைப்புக்கு ஒரு பெண்ணை எப்படி அனுப்புவது?
- ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அனுப்புங்கள் அம்மா. தடுத்தால் தவறு உங்களுடையது.

தயாரிப்பாளர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் கோடம்பாக்கத்து முதலாளி. பணம் போடுவார், பூஜையன்று மாலையோடு நிற்பார். ஒலிபரப்பில் இருப்பவர் வேறு ஆள், மாதச் சம்பளக்காரர். நாடகப் பிரதி தேடுவது, நடிகரைப் பொறுக்குவது, ஒத்திகை பார்ப்பது, கூடிப்போன நாற்பது விநாடியை எங்கே வெட்டுவது என்று முடிவெடுப்பது, எல்லாம் அவர் தலையில்தான்.

ஒருமுறை ஒரு வானொலி நாடக ஒலிப்பதிவில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் பேசி முடித்ததும் டம்ளர் கீழே விழ வேண்டும். ஒலி கொடுப்பவர் வசனத்தின் வாலிலேயே போட்டுவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தயாரிப்பாளர், "ஒரு மூச்சு விட்டுப் போடுங்கண்ணே" என்றார். மறுமுறை டம்ளர் விழுந்தபோது மைக் முன்னால் நின்ற நடிகையே சிரித்துவிட்டார். மூன்றாவது முறையும் எடுக்க வேண்டியதாயிற்று. வசனமும் அதே, நடிகையும் அவரே. அந்த ஒரு மூச்சு தயாரிப்பாளர் போட்டது.

பேர் தெரியாது என்கிறீர்களே, பிபிசியின் நகைச்சுவைத் தயாரிப்பாளர் டென்னிஸ் மெயின் வில்சனைச் சொல்கிறேன். 1951ல் ஸ்பைக் மில்லிகன், பீட்டர் செல்லர்ஸ் என்ற நகைச்சுவை நடிகர்கள் கூட்டத்தை வைத்து வானொலியில் ஒரு தொடர் தயாரித்தார். 1954ல் நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக்கின் வானொலித் தொடரைத் தொடங்கி வைத்தார். பிறகு தொலைக்காட்சிக்குப் போனார். இதெல்லாம் பெரிய காரியம்தான். ஆனால் எனக்குப் பிடித்தது வேறொன்று. பிபிசி அரங்குகளில் சாமான் தூக்கி வைக்கும் வேலையில் ஜான் சல்லிவன் என்று ஓர் இளைஞர் இருந்தார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். அனுப்பிய பிரதிகளெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தன. மெயின் வில்சனை நேரில் பிடித்துத் தன் கதையைச் சொன்னார். அவர் விரட்டவில்லை, எழுதிக்கொண்டு வா என்றார். சல்லிவன் லீவு போட்டு எழுதிக் கொடுத்தது 1977ல் ஒளியேறியது. அதே சல்லிவன் பின்னாளில் எழுதிய இன்னொரு நகைச்சுவைத் தொடரை 1996 டிசம்பர் 29 அன்று பிரிட்டனில் 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தத் தொடரில் மெயின் வில்சன் பேர் இல்லை. அடுத்த மாதமே அவர் காலமானார். அவர் அன்று காது கொடுத்துக் கேட்டிராவிட்டால் அந்த எழுத்தாளர் சாமான்தான் தூக்கிக்கொண்டிருப்பாரோ என்னவோ.

வெள்ளைக்காரர் கதை எதற்கு, நம் ஊரிலேயே இருக்கிறது. மக்கள் கம்பம் என்ற கிராமக் குடியிருப்பை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம். 1969-70ல் சிங்கப்பூர் வானொலியில் 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' என்ற நகைச்சுவை நாடகத் தொடர் ஒலித்தது. எழுதியவர் புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன். வானொலி நிலையத்திலேயே வேலை பார்த்தவர், 2008ல் சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்றவர். புது வீடு, புது அண்டை வீட்டார், புதுச் சங்கடம்: அதை அன்றைய அரசாங்க வீடமைப்புக் கழக அடுக்குமாடிக் குடும்பங்களுக்கு நகைச்சுவையாகக் கொடுத்தார். சென்னை மேடைச் சிரிப்பை இறக்குமதி செய்து இங்கே ஓட்டும் நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அண்ணாசாமி ஞாபகம் வந்து மனசு வலிக்கிறது. நம் சிரிப்பு அடுக்குமாடியின் கீழே திறந்து கிடக்கும் வெற்றுத்தளத்தில் இருக்கிறது, மின்தூக்கிக்குக் காத்திருக்கும் வரிசையில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பொறுக்கியெடுக்கிற காது உள்ள தயாரிப்பாளர்கள் நமக்கு இன்னும் வேண்டும். உங்கள் மகள் அப்படி ஒருத்தியாக வரட்டுமே.

ஒன்று செய்யச் சொல்லுங்கள். வாரத்தில் ஒருநாள் உங்கள் புளோக் காப்பிக்கடையில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். பக்கத்து மேசையில் நம் ஆட்கள் தமிழும் மலாயும் கலந்து பேசுவதைக் காதில் விழுந்தபடியே எழுதட்டும், திருத்தாமல். நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழோடு அந்த நோட்டையும் எடுத்துப் போகட்டும்.