மருந்தில்லாத ஊசி: கேளுங்க, சொல்லுதேன்

பாளையங்கோட்டையில் பதினாறு வருஷமாக பிசியோதெரபி பார்க்கிறேன். போன வாரம் ‘ட்ரை நீடிலிங்’ (இறுகிப்போன சதை முடிச்சில் மருந்தில்லாமல் மெல்லிய ஊசியைக் குத்தி வலியைக் குறைக்கும் முறை) பற்றி நாலு வரி எழுதப்போய், கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்த மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். டாக்டரம்மா என்று மட்டும் கூப்பிடாதீர்கள், நான் எம்.பி.பி.எஸ். படிக்கவில்லை. அக்கா போதும்.

முக்கூடலில் இருந்து: அக்கா, எங்க அம்மா முப்பது வருஷமா பீடி சுத்துதாவ. பிடரியில இருந்து தோள்பட்டை வரைக்கும் கல்லு மாதிரி இருக்கு. சாயங்காலம் ஆனா நெத்திப்பொட்டு தெறிக்கி. தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு தோலே கறுத்துப்போச்சு. ஊசி குத்தினா சரியாகுமா?

தம்பி, அம்மா பீடி சுற்றும்போது விரலைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். மடியில் தட்டு, குனிந்த தலை, காதை நோக்கி ஏறிய தோள். விரல் மட்டும் பறக்கும், மற்றதெல்லாம் சிலை. அந்தத் தோள் சதைக்கு ட்ரபீசியஸ் என்று பெயர். மணிக்கணக்கில் இறுக்கிப் பிடித்த சதையில் முறுக்கிய கயிறு மாதிரி ஒரு இழை எழும்பும். அந்தக் கயிற்றில் ஒரு இடம் மட்டும் தொட்டாலே உயிர் போகும். அதைத்தான் ட்ரிக்கர் பாயின்ட் என்கிறோம். தோளில் இருக்கிற அந்த முடிச்சை இரண்டு விரலால் பிடித்து அழுத்தினால் வலி கழுத்தோரமாக ஏறி நெற்றிப்பொட்டில் போய் நிற்கும். அம்மாவின் தலைவலிக்குக் காரணம் தோளில் இருக்கலாம். இப்படி அழுத்திப் பார்க்காமலே தலைவலி மாத்திரையாக விழுங்கியவர்கள் நம்ம பக்கம் நிறைய.

ஊசி சரியான இடத்தில் இறங்கினால் சதை ஒரு துள்ளு துள்ளும், தூண்டிலில் கெண்டை மாட்டின மாதிரி. எங்களுக்கு அது நல்ல அறிகுறி. அம்மா ‘ஏ தாயே’ என்பார்கள், அவ்வளவுதான். பிறகு ஒன்றிரண்டு நாள் அடிபட்ட மாதிரி ஒரு வலி இருக்கும், சிலருக்கு லேசாகக் கன்றியும் போகும். அதற்கப்புறம் கழுத்து திரும்பும்.

ஆனால் மறுநாள் காலையில் அதே தட்டு, அதே குனிவு என்றால் கல் திரும்பி வரும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் முதல் சில வாரங்களுக்கு வலி குறைகிறது என்பதுதான் தெரிகிறது. மாதக்கணக்கில் பார்த்தால் உடற்பயிற்சியைவிட ஊசி மேல் என்று சொல்ல ஆதாரம் போதாது. அதனால் தட்டுக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்துங்கள், முதுகு சுவரில் சாயட்டும். ஒவ்வொரு கட்டு முடியும்போதும் தோளை காது வரைக்கும் தூக்கி, மூன்று எண்ணி, தொப்பென்று விடச் சொல்லுங்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களிடம் ‘எழுந்து நடங்க’ என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இதற்கு எழ வேண்டாம், அரை நிமிஷம்கூட ஆகாது.

டவுனில் இருந்து: மருந்தே இல்லாத ஊசிக்கு எதுக்குக்கா துட்டு?

அண்ணாச்சி, நல்ல கேள்வி! அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு வைத்தியம் பார்த்த ஜேனட் டிரவெல், இந்த முடிச்சுகள் உடம்பில் எங்கெங்கே இருக்கும், வலியை எங்கே கொண்டுபோய் விடும் என்று படமாகவே போட்டு வைத்தவர். அவர் முடிச்சுக்குள் மரப்பு மருந்து போட்டார். 1979-ல் செக் நாட்டு மருத்துவர் காரல் லெவிட், குணம் மருந்தால் மட்டும் வரவில்லை, ஊசி குத்துவதாலேயே வருகிறது என்று எழுதினார். மருந்து போகாததால்தான் ‘ட்ரை’. ஊசியில் ஓட்டையே கிடையாது. நான் அதிகம் எடுப்பது 0.25 மி.மீ. கனம், கிட்டத்தட்ட இன்சுலின் ஊசி அளவு, நீளம் மட்டும் கூட. முடிச்சு ஏன் அவிழ்கிறது என்பதற்கு விளக்கங்கள் இருக்கின்றன: நரம்பு சதையோடு சேரும் இடத்தில் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் தூண்டுதல் அடங்குகிறது, ரத்த ஓட்டம் திரும்புகிறது என்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. துட்டு எதற்கு என்றால், எங்கே குத்தக்கூடாது என்று தெரிந்ததற்கு.

களக்காட்டில் இருந்து: இது அக்குபஞ்சர்தானே? எங்க மாமா கன்னியாகுமரிப் பக்கம் வர்மம் பாக்கிறவரு, ‘இதெல்லாம் எங்க சரக்கு’ங்காரு.

ஊசி ஒன்று, வரைபடம் வேறு. அக்குபஞ்சரில் சக்தி ஓடும் பாதையைப் பார்த்துக் குத்துகிறார்கள். நாங்கள் கையால் தடவிச் சதையில் முடிச்சைத் தேடுகிறோம். வர்மத்தில் ஊசி கிடையாது, விரல்தான். மாமாவிடம் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. தடவிப் பார்த்தே வலி எங்கே என்று சொல்லும் கை அவர்களில் பலருக்கு உண்டு.

வள்ளியூரில் இருந்து: நுரையீரல்ல குத்திருவாவளாமே? என் கூட்டுக்காரி சொல்லி பயமுறுத்திட்டா.

பயம் நியாயம்தான். அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியது. தோள், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலுள்ள சதை, விலா: இதற்கெல்லாம் அடியில் நுரையீரல் இருக்கிறது. தோள் சதையை நான் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிள்ளி, தூக்கி, உடம்பை விட்டு விலக்கிய பிறகே ஊசியை எடுப்பேன். ஊசி முனை இந்த விரலில் இருந்து அந்த விரலை நோக்கித்தான் போகும், நெஞ்சை நோக்கிப் போகாது. உங்களுக்குப் போடுகிறவர் கிள்ளிப் பிடிக்காமல் நேரே கீழே இறக்கினால் எழுந்து வந்துவிடுங்கள். இதற்கென்று தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறாரா என்று கேட்பதிலும் தப்பில்லை. ஊசி போட்ட அன்றோ மறுநாளோ நெஞ்சில் குத்தல், மூச்சு வாங்கல், வறட்டு இருமல் என்று வந்தால் சூடு பிடித்துக்கொண்டு படுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், ‘இந்த இடத்தில் ஊசி போட்டார்கள்’ என்று சொல்லி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

கூடவே ஒன்று. பாக்கெட்டை உங்கள் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும். ஒரு தடவைக்கு மேல் எந்த ஊசியும் யாருக்கும் கிடையாது, உங்களுக்கே ஆனாலும்.

சேரன்மாதேவியில் இருந்து: ஊசியப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும். சமாளிச்சிரலாமா?

ஆரம்ப காலத்தில் ஒருத்தர் வந்தார், ஆறடி ஆள், லாரி ஓட்டுகிறவர். ‘எனக்கென்ன பயம்’ என்று ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தோளைக் காட்டினார். காலையில் சாப்பிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. ஊசி இறங்கின அடுத்த நொடி மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை, முகம் சுண்ணாம்பு. ஆள் என் மேலேயே சாய்ந்துவிட்டார். காலைத் தூக்கிவைத்ததும் இரண்டு நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, ‘வெளிய சொல்லிராதீங்க’ என்றார். அன்றிலிருந்து யாரானாலும் படுக்கவைத்துத்தான், நாலு இட்லியாவது உள்ளே போனபிறகுதான். நிஜமாகவே பயம் என்றால் ஊசி வேண்டாம். கையால் அழுத்தியும் முடிச்சைத் தளர்த்தலாம்.

அம்பாசமுத்திரத்தில் இருந்து: அப்பாவுக்கு வால்வு மாத்தினதில இருந்து அசிட்ரோம் போடுதாவ. சுகரும் உண்டு. குறுக்கு வலிக்கு ஊசி போடலாமா?

இதய டாக்டர் சரி என்று சொல்லாமல் நான் தொடமாட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்கு ஆழத்தில் ரத்தம் கட்டினால் வெளியே தெரியாது. ஊசிக்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் அது தடையில்லை. அப்பாவுக்கு நடையும் ஒத்தடமும் பயிற்சியும் முதலில். பாதத்தில் உணர்வு குறைவு என்றால் ஒத்தடச் சூட்டை நீங்கள் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள்.

திசையன்விளையில் இருந்து: மூணு மாசம் முழுகாம இருக்கேன்.

இப்போது வேண்டாம் தங்கச்சி.

பெயர் வேண்டாம் என்றவர்: ரெண்டு நாளா இடது தோள் இறுக்கம். படி ஏறினா கூடுது, வேர்க்குது. ஊசிக்கு எப்ப வரட்டும்?

என்னிடம் வராதீர்கள். இப்போதே ஈசிஜி எடுக்கப் போங்கள். 108-ஐக் கூப்பிடக் கூச்சப்படாதீர்கள்.

கல்லிடைக்குறிச்சியில் இருந்து: அப்பளம் இட்டு இட்டு முழங்கையோட வெளிப்பக்கம் வலிக்கு. தம்ளர் தூக்க முடியல.

டென்னிஸ் எல்போ என்பார்கள், நம்ம ஊரில் அதற்கு அப்பளக்குழவி முழங்கை என்றே பெயர் வைக்கலாம். முன்கைச் சதையில் ஊசி போட்டால் கொஞ்சம் இளகும். அதைவிட முக்கியம், மணிக்கட்டைப் பலப்படுத்தும் பயிற்சி: அரை கிலோ அரிசிப் பொட்டலத்தைப் பிடித்து, மற்ற கையால் மணிக்கட்டை மேலே தூக்கி, வலிக்கிற கையாலேயே மெதுவாக இறக்குங்கள். குறைய ஆறேழு வாரமாவது ஆகும். அவசரப்படுபவர்கள்தான் வருஷக்கணக்கில் வலியோடு இருக்கிறார்கள்.

தென்காசியில் இருந்து: சாரல் ஆரம்பிச்சாச்சு. ஊசி போட்டுட்டு குத்தாலத்துல குளிக்கலாமா?

இரண்டு நாள் பொறுங்கள். நொந்த சதையில் மெயினருவி அறைந்தால் தாங்காது. அதுக்கப்புறம் தாராளமாக நில்லுங்கள். நான் படிக்கும் முன்னாலிருந்தே அந்த அருவி இந்த வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, என்னைவிட ரேட்டும் குறைவு.

நான்குநேரியில் இருந்து: யூடியூப் பாத்து நானே குத்திக்கலாமா? ஊசி ஆன்லைன்ல கிடைக்கு.

கிடைக்கும். வேண்டாம்.

மறுபடியும் முக்கூடல்: அக்கா, அம்மா ஊசின்னதும் ‘நா வரமாட்டேன்’ன்னு உக்காந்துட்டாவ.

ஊசி இல்லை என்று சொல்லியே கூட்டிட்டு வாங்க தம்பி, பொய் சொன்னதாக ஆகாது. முதல் நாள் கையாலேயே பார்க்கிறேன். வரும்போது பீடித்தட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இலையும் தூளும் வேண்டாம், தட்டு போதும். அவங்க எப்படி உட்காருதாவ என்று நான் பார்க்கணும்.