ஆங்கில ஆசிரியர் யாரைப் போன்றவர்? – கேள்வி பதில்

ஆசிரியர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் உவமைகளை ஆராயும் கல்வியியல் விரிவுரையாளரிடம், சேலம் மாவட்ட ஆசிரியர்கள் கேட்டவை.

கேள்வி (ஓமலூர்): மேடம், பயிற்சியில் 'ஆங்கில ஆசிரியர் ... போன்றவர், ஏனென்றால் ...' என்று ஒரு தாளை நிரப்பச் சொன்னார்கள். 'பாலம்' என்று எழுதினேன். அதில் என்ன தெரிந்துவிடப் போகிறது?

பதில்: பாலத்தில் ஒன்றும் தெரியாதுங்க, நிறையப் பேர் அதைத்தான் எழுதுவார்கள். 'ஏனென்றால்' என்பதற்குப் பின்னால் வருவதுதான் விஷயம். என்னிடம் இரண்டு பேர் 'ஏற்காடு பஸ் டிரைவர்' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் சொன்ன காரணம்: '20 கொண்டை ஊசி வளைவையும் நான் ஓட்டிவிடுவேன், பின்னால் தூங்கினாலும் மேலே போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.' இன்னொருவர்: 'எந்த சீட்டில் யாருக்குக் குமட்டுகிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.' முதலாமவர் வகுப்பில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாய் திறப்பார்களா என்பது சந்தேகம்தான்.

கேள்வி (ஆத்தூர், எம்.எட். மாணவர்): ஆய்வேட்டுக்கு எங்கே தொடங்கலாம்?

பதில்: உருவகம் வெறும் அலங்காரமில்லை, நாம் யோசிப்பதே அதன் வழியாகத்தான் என்று 1980-ல் எழுதிய மொழியியலாளர் லேக்காஃப், தத்துவ அறிஞர் ஜான்சனிடம். வகை பிரிக்க, 1998-ல் மொழிக் கல்வி ஆய்வாளர் ரெபெக்கா ஆக்ஸ்ஃபோர்டும் உடனிருந்தவர்களும் தந்த நான்கு பார்வைகள் உதவும்: சமூக ஒழுங்கு (சமூகத் தேவைக்கேற்ப மாணவரை வார்ப்பவர்), பண்பாட்டைக் கடத்துதல் (அறிவை அப்படியே கைமாற்றுபவர்), மாணவர் மைய வளர்ச்சி (பிள்ளை தானாக வளர உதவுபவர்), சமூகச் சீர்திருத்தம் (மாணவரோடு சேர்ந்து மாற்றம் தேடுபவர்). 'ஏனென்றால்' என்று எழுதிய காரணத்தைப் பார்த்து வகைப்படுத்துங்கள். அப்புறம் வகுப்பிலும் போய் உட்காருங்கள்.

கேள்வி (அம்மாப்பேட்டை): இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே?

பதில்: நன்னூலைப் புரட்டுங்க! பவணந்தி நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல் (தராசு), மலர் என்று உவமை சொல்கிறார். எனக்குப் பிடித்தது, ஆசிரியர் ஆகாதவருக்கு அவர் சொன்ன நான்கு: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. கழற்காய் போட்ட குடத்தைக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது. மடற்பனை, மட்டைகள் சூழ்ந்து யாரையும் ஏறவிடாத பனை. பருத்தியைக் குடுக்கையில் (அதுதான் குண்டிகை) அடைப்பதும் பாடு, பிடுங்குவதும் பாடு. முடத்தெங்கு, வளைந்து அடுத்தவர் நிலத்தில் காய் போடும் தென்னை. இன்றைய தாளில் தன்னைப் பருத்திக் குண்டிகை என்று யார் எழுதுவார்? அதனால் நான் இரண்டாவதாக ஒன்று கேட்பேன்: 'போன வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நீங்கள் யாரைப் போல இருந்தீர்கள்?' அப்போதுதான் உண்மை வரும்.

கேள்வி (ஏற்காடு, நடுநிலைப் பள்ளி): நான் கணக்கு படித்தவள். ஆங்கிலமும் என் தலையில். 'வாடகை வீட்டுக்காரி' என்று எழுதினேன், எல்லோரும் சிரித்தார்கள்.

பதில்: சிரிக்க ஒன்றுமில்லை. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கும் இந்த உணர்வு உண்டு. ஆணி அடிக்கக்கூட வீட்டு ஓனரைக் கேட்க வேண்டும் என்கிற பயம். சொந்தமாக ஒரு வாக்கியம் பேசாமல் நோட்ஸையே பிடித்துக்கொள்வது அதனால்தான். சரி, 'ஏனென்றால்' என்ன எழுதினீர்கள்? அதை அனுப்புங்க.