மிக்ஸி சீக்கிரம் போகிறது, கிரைண்டர் மட்டும் உழைக்கிறதே, ஏன்?

இரண்டே வருடத்தில் மிக்ஸி புகைந்துபோய் வேறு வாங்கக் கிளம்பும்போது பலருக்கும் வரும் சந்தேகம் இது. காரணம், இரண்டிலும் மோட்டார் வேறு.

வெட் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று. பேரிங் தவிர உள்ளே தேய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மிக்ஸியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். முழு வேகத்தில் 18,000 சுற்றுகூடப் போகும். அதில் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்க இரண்டு கார்பன் துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். அவை தேயும், சூடாகும். சூடு மீறினால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பியின் மேல்பூச்சு கருகிவிடும், அப்புறம் கம்பியைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங்தான்.

கிரைண்டர் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் மாதிரி; மிக்ஸி நூறு மீட்டர் ஓட்டக்காரர். நாமோ ஓட்டக்காரரை நிற்கவிடாமல் இட்லி மாவு அரைக்கச் சொல்கிறோம்!

தூக்கிப்போடும் முன் அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சூடு தாங்காமல் அதுவே நிறுத்தியிருக்கலாம். கார்பன் மட்டும் தேய்ந்திருந்தால் மாற்றச் செலவு குறைவுதான்.

வாட்ஸ் கூடினால் ஆயுளும் கூடும் என்பது தவறு: வாட்ஸ் சொல்வது மின்சாரம் இழுக்கும் அளவை மட்டுமே.